அறக்கணக்கில் நின்ற பாக்கி

சென்னைப் பட்டணத்திலிருந்து மேற்கே காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், குமணன்சாவடியைக் கடந்து பூவிருந்தவல்லிக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், ஆவடிக்குச் செல்லும் பாதை பிரிகிற இடத்தில் இருக்கும் கரையான்சாவடியை ஒரு சரித்திர ஸ்தலம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். பஸ் மாறுவதற்காக இறங்குகிறவர்களும், கடைகளில் சாமான் வாங்குகிறவர்களும், இப்பொழுது மெட்ரோ ரயிலுக்காகச் சாலையின் நடுவே எழுந்து நிற்கும் தூண்களைச் சுற்றி வண்டியைத் திருப்புகிறவர்களும் நிறைந்த இந்தச் சந்தியில், ஊன்றி நின்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் நியாயமே. ஆனால் இங்கிருந்து நான்கு திசையிலும் கால்நடையாகவே அடையக்கூடிய தூரத்தில் உள்ள ஊர்களை எண்ணிப் பார்க்கிறவனுக்கு ஒரு வியப்பு உண்டாகாமற் போகாது. ஒட்டினாற்போல் இருக்கும் பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர்; மேற்கே திருமழிசை, ஆழ்வாருடைய ஊர்; வடகிழக்கே திருவேற்காடு, மூர்க்க நாயனாருடைய ஊர்; தெற்கே குன்றத்தூர், அந்த நாயனாரையும் மற்றவர்களையும் பாடிய சேக்கிழாருடைய ஊர்; மேற்கே இன்னும் சிறிது தூரம் சென்றால் ஸ்ரீபெரும்பூதூர், இராமாநுஜருடைய ஜன்ம பூமி. சைவமும் வைஷ்ணவமும் இத்தனை நெருக்கமாகத் தங்கள் அடியார்களைப் பெற்ற வேறொரு வட்டாரம் தொண்டை நாட்டில் இருக்கிறதா என்பது சந்தேகம்.

பக்தியின் சரித்திரமாகவே இந்தக் கதைகளை நாம் இதுவரை படித்து வந்திருக்கிறோம். அவற்றை அறவாராய்ச்சியின் சரித்திரமாகவும் படிக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

அறத்தைப் பற்றி எழும் கேள்விகள் இரண்டு படிகளில் நிற்கின்றன. கொடுத்த வாக்கை மீறலாமா, ஒருவனைக் காப்பதற்காகப் பொய் சொல்லலாமா, பசித்தவனுக்குச் சோறிடுவதற்காகத் தகாத வழியில் பொருள் தேடலாமா என்று, செய்யத்தக்கது எது, தகாதது எது என விசாரிப்பது ஒரு படி. அதற்கும் அடியில் இறங்கி, ‘நல்லது’ என்று சொல்லும்போது நாம் உண்மையில் என்ன சொல்கிறோம், பொருள்களிலும் செயல்களிலும் இருக்கும் ஒரு தன்மையைச் சொல்கிறோமா, ஈசுவரனுடைய ஆணையைச் சொல்கிறோமா, அல்லது நம்முடைய உள்ளத்தின் விருப்பு வெறுப்பைத்தான் சத்தமாக வெளியிடுகிறோமா என்று அந்த எண்ணத்தையே பிடித்து ஆராய்வது மற்றொரு படி. முதற்படியில் நிற்கும் மேனாட்டுச் சித்தாந்தங்களைப் பெரும்பாலும் மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். விளையும் நன்மை தீமைகளைக் கொண்டே செயலை மதிப்பிடுவது பயன்வாதம். பயன் எதுவாயினும் சில செயல்கள் செய்தே தீரவேண்டியவை, சில செய்யவே கூடாதவை என்பது கடமைவாதம். செயலை விட்டுச் செய்கிறவனுடைய சீலத்தை முதலில் பார் என்பது பண்புவாதம். இந்த மூன்றுக்கும் உதாரணம் தேடிப் பாடப்புத்தகக்காரர்கள் கற்பனையாக டிராம் வண்டிகளையும் மூழ்கும் படகுகளையும் படைத்துக்கொள்வதுண்டு. கரையான்சாவடியைச் சுற்றியிருக்கிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை.

திருவேற்காட்டு மூர்க்க நாயனாரை முதலில் எடுத்துக்கொள்வோம். வேளாண் குடியில் தோன்றிய இவர், சிவனடியார்களுக்கு அமுது செய்வித்த பிறகே தாம் உண்பது என்ற விரதத்தை மேற்கொண்டு, நெல்லும் நிலமும் உள்ளவரையில் குறைவின்றி நடத்திவந்தார். அடியார் கூட்டம் பெருகிற்று, கைப்பொருள் கரைந்தது, உடைமைகளெல்லாம் விலையாகிப் போன பின்னும் விரதம் நின்றது. அப்பொழுது அவருக்கு முன்னாளில் பழகியிருந்த சூதாட்டம் நினைவுக்கு வந்தது. சொந்த ஊரில் ஆட வந்தவரையெல்லாம் வென்று, தம்மோடு ஆட எவரும் துணியாத நிலை வந்ததும் ஊரூராகச் சென்று, கடைசியில் குடந்தையில் தங்கினார். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்று எதிரியை ஆசை காட்டி இழுத்து அடுத்த ஆட்டங்களில் வெல்வதும், தோற்றுவிட்டுப் பணயத்தைத் தர மறுக்கிறவர்களை உடைவாளை உருவிக் குத்துவதும் அவருடைய வழக்கம். அவ்வாறு வந்த பொருளைத் தாம் தீண்டாமல் சமையற்காரர் கையில் சேர்ப்பித்து, அடியார்கள் பந்திகளாக அமர்ந்து உண்டெழுந்த பின், கடைப் பந்தியில் தாம் உட்கார்ந்து உண்டார்.

இந்தச் சரிதத்தைச் சுந்தரர் தம் தொகையில் ஒரு பெயரளவில் குறித்தார். நம்பியாண்டார் நம்பி சிறிது விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனுடைய காலத்தில் சேக்கிழார் காவியமாக்கினார். தம் ஊருக்கு அடுத்த ஊர்க்காரருடைய கதையாதலால் அவர் எதையாவது மூடி மறைத்திருப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். சூதையும் சொல்கிறார், கத்தியையும் சொல்கிறார். அவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்தப் பெயரை அவர் மாற்றவில்லை என்பதே. அறுபத்து மூவரில் ஒருவராகக் கோயில் திருச்சுற்றில் நிற்கும் பெரியவரை, முரடன் என்ற வசைச்சொல்லாலேயே உலகம் இன்றும் வணங்குகிறது. அவர் செய்த கொடையை ஏற்றுக்கொண்ட சம்பிரதாயம், அவர் வீசிய கத்தியை நல்ல கத்தி என்று சொல்ல மறுத்துவிட்டது.

பயன்வாதி இந்த மறுப்பை ஒப்பமாட்டான். 1789-ல் நூல் வெளியிட்ட ஜெரமி பெந்தாம், இன்பத்தையும் துன்பத்தையும் தவிர வேறொரு அளவுகோல் மனிதனுக்கு இல்லை என்றும், சம்பந்தப்பட்ட அனைவருடைய இன்பத்தின் கூட்டுத்தொகை மிகும்படி நடப்பதே நன்று என்றும் வாதித்தார். அவருடைய சீடர் ஜேம்ஸ் மில்லும், அந்தச் சீடருடைய புதல்வர் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். இளைய மில் 1823 முதல் 1858 வரை, அதாவது கம்பெனியின் ஆட்சி முடிந்த வருஷம் வரை, இந்தியாவுக்குப் போகும் கடிதங்களை வரைந்துகொண்டிருந்தார். பூவிருந்தவல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த நாட்களில், அந்தப் பட்டாளத்துக்கு எஜமானர்களான கம்பெனியாருடைய கச்சேரியில் உட்கார்ந்திருந்தவரே பயன்வாதத்துக்கு மிகச் சிறந்த விளக்கத்தை எழுதினார் என்பது சரித்திரத்தின் ஒரு விசித்திரம். மில்லுடைய சித்தாந்தத்தின்படி மூர்க்கரை விசாரித்தால், நூறு பேர் பசி தீர்ந்த இன்பம் ஒரு தட்டில், தோற்றவர்களுடைய நஷ்டமும் குத்துப்பட்டவர்களுடைய வேதனையும், இப்படிப்பட்ட ஒருவர் ஊரில் உலவுகிறார் என்பதால் எல்லோருக்கும் உண்டாகும் அச்சமும் மற்றொரு தட்டில். எந்தத் தட்டு தாழ்கிறதோ அதுவே தீர்ப்பு. தீர்ப்பானபின் வழக்கு முடிந்தது. கொடை கனத்தால் அவர் குற்றமற்றவர். வேதனை கனத்தால் அவர் வெறும் கொள்ளைக்காரர். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சேக்கிழாரோ இரண்டையும் ஒருங்கே வைத்திருக்கிறார்.

அதே சேக்கிழார் தம் காவியத்தின் தொடக்கத்தில், திருவாரூரின் பெருமையைச் சொல்லும் இடத்தில், இதற்கு நேர் எதிரான ஒரு கதையை அமைத்திருக்கிறார். அரசகுமாரனுடைய தேர்க்காலில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுச்சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்லத் துணிந்தான். குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால், நடுவில் நடந்த வாக்குவாதத்தை நாம் கவனிப்பதில்லை. மந்திரிகள் அரசனைக் கருணைக்கு வேண்டவில்லை, சாஸ்திரத்தைக் காட்டினார்கள். பசுவதைக்கு வேதியர் விதித்த பிராயச்சித்தம் இருக்கிறதே, அதைச் செய்வித்தால் போதுமே என்றார்கள். எழுதிய விதி அவர்கள் பக்கம் இருந்தது. அரசன் அந்த விதியை ஏற்கவில்லை. என் மகனுக்குப் பிராயச்சித்தம் என்றால், வேறொருவன் ஓர் உயிரைக் கொன்று என்முன் நிற்கும்போது நான் அவனை எப்படித் தண்டிப்பேன் என்ற முறையில் வாதித்தான். தனக்கு ஒரு நியாயம், பிறனுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளக்கூடாது. நான் எந்த நியமத்தின்படி நடக்கிறேனோ அது எல்லோருக்கும் பொதுச் சட்டமாகத் தக்கதாக இருக்கவேண்டும் என்று ஜெர்மானிய தத்துவஞானி கான்ட் 1785-ல் எழுதிய நூலின் சாரமும் இதுதான். கடமைவாதம் என்றால் ஏட்டில் எழுதிய விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை மறுமுறை படிக்கவேண்டும். தேரைச் செலுத்தும்படி ஆணை பெற்ற மந்திரி, அதைச் செய்வதைவிடத் தன் உயிரை விடுவது மேல் என்று மாய்ந்துபோனான் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அவனுக்கும் ஒரு கடமை இருந்தது, அது அரசனுடைய கடமையோடு மோதிற்று.

கடமையும் கடமையும் மோதும்போது என்ன செய்வது? கான்ட் இதற்குத் திருப்தியான விடை தந்ததாக நான் நினைக்கவில்லை. ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிவரும் கொலைகாரனிடத்திலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-ல் ஒரு சிறு கட்டுரை எழுதி, தம்மைப் பின்பற்றுகிறவர்களுக்கு இன்றளவும் தீராத சங்கடத்தை உண்டாக்கி வைத்துவிட்டுப் போனவர் அவர். இந்தச் சங்கடத்தை நம் வட்டாரத்துக் கதை ஒன்று வேறுவிதமாக எதிர்கொண்டிருக்கிறது.

திருக்கோட்டியூர் நம்பியிடம் ரகஸ்யார்த்தம் பெறுவதற்காக இராமாநுஜர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்பது சம்பிரதாயம். பதினெட்டாம் முறை உபதேசம் கிடைத்தது. தகுதியறியாமல் பிறருக்குச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்தவர் அதே ஊரில் பலரையும் கூட்டிச் சொல்லிவிட்டார். சொன்ன இடம் கோயிலின் சந்நிதியா, கோபுரமா என்பதில் குருபரம்பரை நூல்களுக்கும் ஜனங்கள் வாயில் வழங்கும் கதைக்கும் வேறுபாடு உண்டு. நம் விசாரணைக்கு அது முக்கியமன்று. ஆசாரியர் சினந்து, வாக்கை மீறியதற்கு என்ன பலன் தெரியுமா என்று கேட்டபோது, நரகம் என்று தயங்காமல் விடை சொன்ன இராமாநுஜர், நான் ஒருவன் நரகம் புகுந்தாலும் இத்தனை பேர் உய்வார்கள் என்பதற்காகச் செய்தேன் என்றார்.

ஒருவனுடைய துன்பத்தையும் பலருடைய நன்மையையும் நிறுத்துப் பார்க்கும் இந்த விடையைக் கேட்டவுடன், இராமாநுஜரைப் பயன்வாதியாக்கி, பெந்தாமுக்கு எழுநூறு ஆண்டு முந்தியவர் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விடையின் முற்பாதியைக் கேட்கவில்லை. உண்மையான பயன்வாதியாக இருந்திருந்தால், பலருக்கு நன்மை விளைந்தபடியால் நான் செய்தது குற்றமே அன்று, குற்றமில்லாதபோது நரகம் ஏது என்று வாதித்திருக்கவேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை. வாக்கை மீறினால் நரகம் என்ற விதி மெய். நான் மீறினேன் என்பதும் மெய். ஆகவே எனக்கு நரகம் என்பதும் மெய். ஆயினும் நான் செய்யவேண்டியிருந்தது என்பதே அவர் நிலை. விதியைத் தோற்கடித்துவிட்டு அதன் தண்டனையிலிருந்து தப்பிக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1930-ல் ஆக்ஸ்போர்டில் டபிள்யூ. டி. ராஸ் என்பவர் வெளியிட்ட நூலில், வாக்குக் காத்தல், நன்றி பாராட்டல், செய்த தீங்குக்கு ஈடு செய்தல், பிறருக்கு நன்மை செய்தல் என நமக்குப் பல கடமைகள் உண்டு. இரண்டு மோதும்போது ஒன்று மற்றொன்றை வெல்லும். ஆனால் தோற்ற கடமை அழிந்துபோவதில்லை, அதற்காக வருந்தவும் ஈடுசெய்யவும் நாம் கட்டுப்பட்டிருக்கிறோம் என்று எழுதினார். இந்தப் பாக்கியைப் பற்றிய உணர்ச்சிதான் திருக்கோட்டியூர் விடையில் இருக்கிறது. ஆசாரியர் அந்தப் பாக்கியைத் தள்ளிக்கொடுத்து, எம்பெருமானார் என்று அழைத்துத் தழுவிக்கொண்டார் என்பது கதையின் முடிவு. ஆனால் தள்ளிக்கொடுக்கவேண்டியது ஒன்று இருந்தது.

இந்த இரு நோக்கும் திருக்குறளிலேயே அக்கம்பக்கமாக இருக்கின்றன என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிப் போகலாம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் ஸ்தானத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் சொன்னவரே, பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்று வினைத்தூய்மையில் சொல்கிறார். இரண்டையும் ஒரே சித்தாந்தத்துக்குள் அடக்க உரையாசிரியர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். அடங்காமல் விட்டதே வள்ளுவருடைய நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. மூர்க்க நாயனார் இரண்டாவது குறளைப் படித்திருந்தால் சூதாட்டப் பலகையை எடுத்திருக்கமாட்டார். அறுபத்து மூவர் அறுபத்திருவராகியிருப்பார்கள்.

பூவிருந்தவல்லிக்கு வருவோம். வைசிய குலத்தில் பிறந்த திருக்கச்சி நம்பிகள், இங்கிருந்து காஞ்சிக்குப் போய் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்தைச் செய்துவந்தார். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது பிரசித்தி. இளமையில் மனம் கலங்கியிருந்த இராமாநுஜருக்குப் பெருமாள் அருளிய ஆறு வார்த்தைகளைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. அவரைத் தம் ஆசாரியராகக் கொள்ள இராமாநுஜர் விரும்பினார். வர்ணாசிரம முறையைக் காட்டி நம்பிகள் மறுத்துவிட்டார். அவர் உண்ட மிச்சத்தையாவது உண்டு பரிசுத்தமாகலாம் என்று எண்ணி இராமாநுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார். இராமாநுஜர் வெளியே சென்றிருந்த சமயத்தில் நம்பிகள் வந்தார். இராமாநுஜருடைய தேவி தஞ்சமாம்பாள் முறைப்படி அமுது படைத்தாள். அவர் உண்டு போனபின் இலையைக் கோலால் தள்ளி எறிந்து, இடத்தை மெழுகி, ஸ்நானமும் செய்து, புருஷனுக்காக மறுபடி சமைத்தாள். திரும்பிவந்து இதைக் கண்ட இராமாநுஜர் மனம் நொந்தார். பின்னால் நடந்த வேறு சில சம்பவங்களும் சேர்ந்து, அவர் இல்லறத்தைத் துறப்பதில் முடிந்தன.

செய்கிறவனுடைய சீலமே முதல் என்ற பண்புவாதத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கியம் கிடைப்பது அரிது. இன்ன குலத்தானுக்கு இன்ன மரியாதை என்ற விதிக்கோவை ஒரு பக்கம் இருக்க, இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று பார்த்து, அவருடைய மேன்மையின் முன்னால் விதிக்கோவை நிற்காது என்று முடிவு செய்தவர் இராமாநுஜர். நல்லதை அறிவதற்கு நல்லவனைப் பார். அவன் எப்படிச் செய்வானோ அதுவே அளவு என்பது கிரேக்கர்களில் அரிஸ்டாட்டில் காட்டிய வழி. ஆனால் அரிஸ்டாட்டிலே மற்றொன்றையும் சொன்னார்: சீலம் என்பது பழக்கத்தால் வருவது, சிறு வயதிலிருந்து எதில் பழக்கினார்களோ அதில் ஒருவன் தேர்கிறான். தஞ்சமாம்பாளை எதில் பழக்கியிருந்தார்கள்? பிறந்த வீட்டில் கற்பித்த ஆசாரத்தை அவள் அட்சரம் பிசகாமல் செய்தாள். செய்ததற்காகவே சரித்திரத்தில் குற்றவாளியாக நிற்கிறாள். தன் கணவர் கண்ட புதிய அறத்தை அவளுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்னதாக நான் படித்த வரையில் இல்லை. ஞானிகளுடைய சரிதங்களை எழுதுகிறவர்கள் ஞானிகளின் மனைவிமார் விஷயத்தில் காட்டும் அவசரம் எல்லாத் தேசத்துக்கும் பொது.

இனி அடிப்படி. அறம் எதனால் அறமாகிறது? இந்தச் சாலையின் மறு கோடியான காஞ்சியில் வாழ்ந்தவர் என்று கருதப்படும் பரிமேலழகர், மனு முதலிய நூல்கள் செய்யச் சொன்னதைச் செய்வதும், விலக்கச் சொன்னதை விலக்குவதுமே அறம் என்று தம் உரைப் பாயிரத்தில் சுருக்கமாக முடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் மீமாம்சை நிற்கிறது. தர்மத்தைக் காட்சியாலோ அனுமானத்தாலோ அறிய முடியாது, வேதத்தின் ஏவல் வாக்கியமே அதற்குப் பிரமாணம் என்பது அந்தச் சாஸ்திரத்தின் முதற்கொள்கை. ஆனால் ஏவல் நம்மை ஏன் அசைக்கிறது என்பதில் மீமாம்சகர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பயன் கிடைக்கும் என்று தெரியாமல் எவனும் கையை அசைக்கமாட்டான், ஆகையால் ‘செய்’ என்ற சொல் நாம் விரும்பும் ஒன்றுக்கு அது சாதனம் என்பதைத்தான் உணர்த்துகிறது என்று குமாரிலபட்டருடைய வழியினர் கூறினர். அப்படியன்று, இது செய்யத்தக்கது என்ற அறிவே ஒருவனைச் செயலில் தள்ளப் போதுமானது, பயனை இடையில் நுழைக்காதே என்று பிரபாகரருடைய வழியினர் கூறினர். பிரபாகரரையும் கான்டையும் அருகருகே வைத்து நோக்கியவர், மைசூரில் பேராசிரியராக இருந்த ஹிரியண்ணா. கான்ட் வாதித்த விஷயத்தில் நம் தேசத்துப் பண்டிதர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கட்சி கட்டி வாதித்தார்கள் என்பது வீண் பெருமைக்காகச் சொல்வதன்று; அந்த வாதத்தை இரண்டு பக்கத்தாரும் எவ்வளவு நுட்பமாக நடத்தினார்கள் என்பதைத் தமிழில் விரித்து எழுதுகிறவர்கள் இன்னும் பலர் வேண்டும்.

ஆணையால் அறம் என்றால், ஆணையிடுகிறவன் யார், அவன் மாற்றி ஆணையிட்டால் அறமும் மாறுமா என்று கேள்வி எழும். தேவர்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா என்று பிளேட்டோவின் நூலில் சாக்ரடீஸ் கேட்டுத் தன்னோடு பேசியவனைத் திணற அடித்தார். திருமழிசையில் இந்தக் கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது. பிரம்பு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் வளர்ந்த திருமழிசையாழ்வார், சமணம், பௌத்தம், சைவம் ஆகிய மதங்களையெல்லாம் ஆராய்ந்து பார்த்துவிட்டு, முடிவில் பேயாழ்வாரால் வைஷ்ணவரானவர் என்று வரலாறு சொல்லும். அவர் காஞ்சியில் திருவெஃகாவில் இருந்தபோது, அவருடைய சீடன் கணிகண்ணன் அரசனைப் பாட மறுத்ததனால் நாடு கடத்தப்பட்டான். சீடனோடு புறப்பட்ட ஆழ்வார் பெருமாளை நோக்கி, நாங்கள் போகிறோம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புறப்படு என்றார். பெருமாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் இன்று ஓரிக்கை என வழங்குகிறது. அரசன் ஓடிவந்து வேண்ட, கணிகண்ணன் மனமிரங்க, ஆழ்வார் சொல்ல, பெருமாள் திரும்பிவந்து படுத்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது இன்றும் அங்கே அவருடைய திருநாமம்.

கட்டளையிடும் கடவுளைப் பற்றித்தான் மதவாதிகள் எல்லா நாட்டிலும் பேசினார்கள். இங்கே கடவுள் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார். அரசனுடைய ஆணை அநியாயம் என்பது, பெருமாள் அதை அநியாயம் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னமே கணிகண்ணனுக்கும் ஆழ்வாருக்கும் தெரிந்திருக்கிறது. பெருமாள் அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார் என்றுதான் சொல்லவேண்டும். சாக்ரடீஸ் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பரிமேலழகர் என்ன சொல்லியிருப்பாரோ, அது வேறு.

ஆங்கிலக் கல்வி வந்தபின் இந்தக் கேள்விகள் கோயிலை விட்டுக் காலேஜுக்குள் புகுந்தன. உலகமே மாயை என்றால் அதில் செய்யும் நன்மை தீமையும் மாயைதானே, ஆகவே வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் ஏது என்ற பாதிரிமாருடைய ஆக்ஷேபத்துக்கு விடையாக, திருத்தணியில் பிறந்து அப்பொழுது இருபதை ஒட்டிய வயதினராக இருந்த ராதாகிருஷ்ணன், 1908-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் ஒழுக்கநெறியைப் பற்றி ஓர் ஆராய்ச்சியுரை எழுதினார். அவருக்கு ஆசிரியராக இருந்த ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மாணவர் தம் கொள்கைக்கு எதிராக எழுதியதைப் பாராட்டத் தயங்கவில்லை. அதற்கு ஐந்து ஆண்டு முன்பு கேம்பிரிட்ஜில் ஜி. ஈ. மூர், ‘நல்லது’ என்பதை இன்பம் என்றோ, விருப்பம் என்றோ, வேறு எந்த இயற்கைப் பொருள் என்றோ பிரித்து விளக்க முடியாது, மஞ்சள் நிறத்தைப் போல அது நேரே உணரத்தக்க தனித்தன்மை என்று எழுதி ஒரு புது விசாரணையைத் தொடங்கியிருந்தார். 1936-ல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் பேராசிரியராக அமர்ந்தார். அதே வருஷத்தில் அதே ஆக்ஸ்போர்டில் இருபத்தைந்து வயதே ஆன ஏ. ஜே. ஏயர், ‘திருடுவது தீது’ என்ற வாக்கியம் மெய்யுமன்று பொய்யுமன்று, திருட்டைக் கண்டு முகம் சுளிப்பதற்குச் சமானமான ஓர் ஒலி, அவ்வளவே என்று தம் முதல் நூலில் எழுதி வெளியிட்டார். கணிகண்ணன் நாடு கடத்தப்பட்டபோது ஆழ்வார் சொன்னது அநியாயம் என்ற உண்மையா, அல்லது கோபத்தில் எழுந்த சத்தமா? ஏயர் பின்னது என்பார். சத்தத்துக்காக ஒருவர் ஊரையே விட்டுப் புறப்படுவாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் புறப்பட்டுவிட்டார் என்பது அவர் நம்பினார் என்பதற்குத்தான் சாட்சி, நம்பியது உண்மை என்பதற்குச் சாட்சியாகாது என்று ஏயர் உடனே திருப்பிக் கேட்பார். அந்த வாதத்தை முறியடிப்பது எளிதன்று.

தமிழ்நாட்டில் இந்த விசாரணை தெருவுக்கு வந்தது 1943-ல். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தவேண்டும் என்ற கிளர்ச்சியை ஒட்டி, சி. என். அண்ணாதுரை ஒரு பக்கமும், சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரும் மறுபக்கமுமாக மேடையில் வாதித்தார்கள். காவியத்தின் சுவையைக் கொண்டு அதன் நெறியைக் காப்பாற்ற முடியுமா என்பதே வாதத்தின் உட்கிடை. மனைவியைத் தானம் கொடுத்தவரையும் பிள்ளையை அறுத்தவரையும் அடியார் என்று வணங்கச் சொல்கிற நூல், படிக்கிறவர்களுடைய நெறியை என்ன ஆக்கும் என்ற கேள்வி, புஸ்தகத்தைக் கொளுத்துவது தகாது என்று கருதுகிறவர்களும் தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. பக்திக்காக அறத்தின் எல்லையைத் தாண்டலாம் என்று டேனிஷ் ஞானி கீர்க்ககார் 1843-ல் ஆபிரகாமின் கதையை வைத்து எழுதிய நூலை மேற்கோள் காட்டிச் சைவர்கள் விடை சொல்லலாம். ஆனால் கீர்க்ககாரே அந்த எல்லையைத் தாண்டினவனைக் கண்டு நடுங்கினாரே தவிர, எல்லை இல்லை என்று சொல்லவில்லை.

பயன்வாதத்தைப் பற்றி மேலே சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டேன். அதற்குச் சேரவேண்டிய நியாயத்தையும் இங்கே கொடுத்துவிட வேண்டும். கணக்கில் ஒவ்வொருவரையும் ஒருவராக எண்ணு, எவரையும் ஒருவருக்கு மேலாக எண்ணாதே என்பது பெந்தாமுடைய கொள்கை. நம் புராணகாரர்கள் எண்ணாமல் விட்டவர்களை எண்ணவைப்பதற்கு அந்தக் கொள்கையைப்போல் உதவுவது வேறொன்றில்லை. அதன்படி எண்ணத் தொடங்கினால், அடியார்களுக்கும் அரசர்களுக்கும் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முன்னுக்கு வருவார்கள். முதலில் தஞ்சமாம்பாள் வருவாள். திருவாரூரில் சிவபெருமான் வீதியில் எழுந்தருளியபோது கன்று எழுந்தது, மாண்ட மந்திரி எழுந்தான், அரசகுமாரனும் எழுந்தான். பாக்கி எதுவும் நிற்காதபடி சேக்கிழார் கணக்கைத் தீர்த்துவிட்டார். குடந்தையில் அப்படி எதுவும் நடந்ததாக அவர் பாடவில்லை. கார்த்திகை மாதத்து மூல நக்ஷத்திரத்தில் மூர்க்க நாயனாருக்குக் குருபூஜை நடத்துகிறார்கள். அவருடைய வாளால் குத்துண்டவர்கள் எத்தனை பேர், எந்த ஊரார், அவர்களை நம்பி வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பெரியபுராணம் சொல்லவில்லை.